பந்து கைமாறும் வரை

வின்ஸ்டனை ஆட்டக்களத்தில் முதன்முதலாக அடித்தது ஒரு தண்ணீர் பாட்டில். காலி பாட்டில் இல்லை, மூடி திறக்காதது. பல்லடம் பக்கத்து மைதானம் ஒன்றில் நடந்தது. அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. இடது புருவம் பிளந்து மூன்று தையல் விழுந்தது. இரண்டாவது அடி ஒரு பயிற்சியாளரின் முழங்கை. மூக்கெலும்பு வலப்பக்கம் ஒரு நூல் நகர்ந்து அங்கேயே குடியிருந்துகொண்டது. மூன்றாவது ஒரு செருப்பு. செருப்படிக்குத் தழும்பு விழாது. ஆனால் அதை மட்டும்தான் அவர் வீட்டில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்.

திங்கள் முதல் சனி வரை அவர் சூலூரில் ஒரு பம்ப்செட் பட்டறையில் டர்னர். இரும்புத் தண்டை லேத்தில் மாட்டி மயிரிழை அளவுக்குக் கடைந்து இறக்குகிற வேலை. ஒரு தடவை கூடுதலாகச் சீவிவிட்டால் சீவியதுதான், திரும்ப ஒட்டவைக்க எந்த மிஷினும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து வந்ததும், சாம்பல் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் மாட்டி, விசிலைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தால் அன்றைக்கு அவர் கூடைப்பந்து நடுவர். மனைவி ஃபெமினா திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். நூல் ஓடிய துணியைப் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிக்கிற கண். கிளம்புகிற புருஷனை அந்தக் கண்ணால் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்ப்பாள்.

"போறப்ப இருக்கற மாதிரியே திருப்பிக் கொண்டாந்து ஊட்ல சேத்துப்போடுங்க. பல்லு இனி இருவத்தேழுதான் மிச்சம்."

"சரிங்க மேடம்."

"சிரிக்காதீங்க. சிரிச்சா ஓட்டை தெரியுது."

களத்தில் வின்ஸ்டனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பந்தை ஆட்டக்காரன் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்து விடுவார். பந்து இடது கக்கத்தில் இருக்கும். முதலில் மேசையைப் பார்ப்பார், பிறகு பெஞ்சுகளை, கடைசியாகப் பந்தை வாங்கப் போகிறவன் முகத்தை. மூச்சு முழுதாக வெளியே போன பிறகுதான் பந்து கைமாறும். கொங்குநாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் கூட்டத்திலிருந்து ஒரு குரலாவது வரும்.

"ஏனுங் ரெப்ரீ, அடைக்கு வெச்சிருக்கறீங்களா? குஞ்சு பொரிச்சாச் சொல்லுங்க."

அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அந்த ஒரு மூச்சு வால்பாறையிலிருந்து வந்தது.

கூடைப்பந்தில் நடுவரின் தப்புகளில் சிலவற்றை மட்டும் திருத்திக்கொள்ளலாம். ஃபவுலுக்கு ஈடாகத் தடுப்பின்றி எறியும் ஃப்ரீ த்ரோவைக் கொடுக்கக்கூடாத இடத்தில் கொடுத்திருந்தாலோ, கொடுக்க வேண்டியதை விட்டிருந்தாலோ, எறிய வேண்டியவனை விட்டுவிட்டு வேறொருவன் எறிந்திருந்தாலோ, புள்ளியைத் தப்பாகச் சேர்த்திருந்தாலோ திருத்தலாம். ஆனால் அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. தப்பு நடந்த பிறகு கடிகாரம் மறுபடி ஓடி, முதல் தடவையாக ஆட்டம் நிற்கும். அந்த நிற்கிற நேரம்தான் கடைசி வாய்ப்பு. அதற்குள் கண்டுபிடித்தால் உண்டு. பந்தை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டால், நடுவரே கைகூப்பி ஒப்புக்கொண்டாலும் தப்பு தப்பாகவே நின்றுவிடும்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு வால்பாறை எஸ்டேட் மைதானத்தில், பந்து கைமாறிய அடுத்த நொடியில் அவருக்குத் தெரிந்தது, சற்று முன் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் எறிந்தவன் வேறு ஆள். ஆட்டம் ஒரே ஒரு புள்ளியில் முடிந்தது. தோற்ற அணியின் ஆட்கள் நாலைந்து பேர் வந்து கேட்டார்கள். வின்ஸ்டன் மறைக்கவில்லை.

"ஆமாங்க, என்னோட தப்புத்தான். ஆனா இனித் திருத்த முடியாதுங்க."

அவர்கள் சண்டை போடவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஒருவன் "பஸ்ஸுக்கு எத்தனை மணிக்குங்க?" என்றுகூடக் கேட்டான். வின்ஸ்டன் மணியைச் சொன்னார்.

அன்று உடன் நடுவராக இருந்தவர் மயில்சாமி. மின்வாரியத்தில் லைன்மேன், வின்ஸ்டனைவிட ஐந்து வயது மூத்தவர். மலையிறங்கும்போது அவருக்குக் குமட்டும். அதனால் வின்ஸ்டன் எழுந்து தன் ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். எத்தனையாவது கொண்டையூசி வளைவென்று நினைவில்லை. மேல்சரிவிலிருந்து கல் வந்தது. ஜன்னல் கண்ணாடி நொறுங்குகிற சத்தத்துக்குள்ளே இன்னொரு சின்னச் சத்தம் இருந்தது, பழம் நசுங்குவது போல. மிச்சமிருந்த வளைவுகள் முழுக்க வின்ஸ்டன் மயில்சாமியின் முகத்தில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆழியாறு வரும்வரை முழங்கை வழியாக இறங்கிய ரத்தம் சூடாக இருந்தது. பிறகு ஆறிவிட்டது.

வலது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயில்சாமி சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

"இன்னும் ஒரு மூச்சு பந்தைக் கையில வெச்சிருந்திருக்கலாம் வின்ஸ்டன்."

ஒற்றைக் கண்ணோடு களத்தில் விசில் ஊத முடியாது. மயில்சாமி மேசைக்கு வந்து கடிகாரம் பார்க்கிறவரானார். அந்தக் கல்லைப் பற்றி இருவரும் பிறகு பேசியதே இல்லை. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும், ஒவ்வொரு தடவையும், வின்ஸ்டன் பந்தைக் கொடுக்கும் முன்பு அந்த மூச்சை இழுத்து விட்டார்.

ஒரே ஒரு நாள்தான் தவறியது.

அது சூலூருக்குக் கொஞ்சம் அக்கட்ட ஒரு தனியார் பள்ளியின் சிமெண்டுக் களம். விசைத்தறி முதலாளி பாலுசாமி தன் அப்பா பெயரில் கோப்பை வைத்து நடத்திய முதல் போட்டி, அதன் இறுதி ஆட்டம். ஜெயிக்கிற அணி மண்டலப் போட்டிக்குப் போகும். உள்ளூர் அணிக்குக் கேப்டன் பாலுசாமியின் மகன் சுரேந்தர். எதிரணி உக்கடத்திலிருந்து வந்திருந்தது. மத்தியானம் வின்ஸ்டன் வந்து இறங்கியபோது பாலுசாமியே வாசலுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார். சாப்புட்டீங்களா? சாப்புடாம விசில் ஊதுனா காத்துத்தானுங்க வரும். மொதல்ல எலையில உக்காருங்க."

தயிருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை அவரே பக்கத்தில் வந்து நின்று பார்த்துக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கயிற்றுக்கு வெளியே ஐந்நூறு பேர் இருக்கும். தறிச்சத்தத்தில் காது பழகியவர்கள், சாதாரணமாகப் பேசினாலே கத்துவது போல இருக்கும். ஆட்டம் முதல் பத்து நிமிடத்திலேயே ஆட்டமாக இல்லை. ரிங்குக்கடியில் முழங்கைகள் விலாவைத் தேடின. உக்கடத்து ஏழாம் நம்பருக்கு உதடு கிழிந்தது. உள்ளூர்ப் பையன் ஒருவன் முழங்கால் சிமெண்டில் தேய்ந்து, தோல் காகிதம்போலச் சுருண்டு தொங்க ஆடினான். வின்ஸ்டனும் இன்னொரு நடுவரும் ஊதி ஊதி நாக்கு வறண்டார்கள்.

கடைசி இருபத்து நான்கு விநாடி இருக்கும்போது உள்ளூர் 61, உக்கடம் 62.

உள்ளூர் அணியின் கதிர்வேல் பந்தோடு ரிங்கை நோக்கி எழும்பினான். உக்கடத்தின் நெட்டைப் பையன் தடுக்க வீசிய கை பந்தைத் தொடவில்லை, முகத்தைத் தொட்டது. கதிர்வேல் காற்றிலேயே மல்லாந்து சிமெண்டில் விழுந்தான். வின்ஸ்டன் ஊதி, இரண்டு விரலைத் தூக்கினார். ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோ. அந்த விரல்களை இறக்குவதற்குள் கயிறு அறுந்தது. வெளியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் உள்ளே பாய்ந்தார்கள். நெட்டைப் பையனை ஒருவன் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து இழுத்துச் சாய்க்க, இன்னொருவன் வயிற்றில் மிதித்தான். ஒரு மிதி, இரண்டு மிதி. மூன்றாவது மிதிக்கு வின்ஸ்டன் நடுவில் விழுந்துவிட்டதால் அது அவர் விலாவில் இறங்கியது.

கண் இருட்டிவிட்டது. உள்ளே ஏதோ முறிந்த மாதிரி இருந்தது. எழுந்து, கதிர்வேலின் தலையைத் தாங்கி உட்காரவைத்தார். புருவத்திலிருந்து ரத்தம் குழாய்த் தண்ணீராக வந்தது. பாலுசாமியின் ஆட்கள் கம்பை வீசிக் கூட்டத்தைக் கயிற்றுக்கு வெளியே தள்ள ஆறேழு நிமிடமானது.

ரத்தம் வழிகிறவன் ஆடக்கூடாது. கதிர்வேல் பெஞ்சுக்குப் போனான். அவனுக்கு மாற்றாக ரவிதேஜா வந்தான். பத்தொன்பது வயது, அந்தப் போட்டி முழுக்கப் பெஞ்சை விட்டு எழாதவன். இந்த இடத்தில்தான் விதி தெளிவாக இருக்கிறது. ஃபவுலுக்கு ஆளானவன் அடிபட்டு வெளியே போனால், அவனுக்குப் பதிலாக உள்ளே வருகிறவன்தான் ஃப்ரீ த்ரோ எறிய வேண்டும். வேறு யாரும் எறியக்கூடாது.

ஆனால் கோட்டில் வந்து நின்றவன் சுரேந்தர். அந்த ஊரிலேயே கை தவறாதவன். கைகளை நீட்டிக்கொண்டு நின்றான்.

வின்ஸ்டன் கையில் பந்து இருந்தது. பந்தில் கதிர்வேலின் ரத்தம் இருந்தது. அதைக் கால்சட்டையில் துடைத்தார். பின்னாலிருந்து யாரோ, "சீக்கிரமுங்க சார், இருட்டறதுக்குள்ள," என்றார்கள். மூச்சை இழுக்கப் பார்த்தார். விலா விடவில்லை. கத்தி சொருகினது போலப் பாதியில் நின்றது. மேசையைப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்க்கவில்லை. நீட்டியிருந்த கைகளில் பந்தைக் கொடுத்தார்.

இரண்டும் விழுந்தன. 63, 62. பறை முழங்கியது.

உக்கடத்தார் பந்தை எடுத்துக்கொண்டு முன்னேறினார்கள். கடிகாரம் ஓடியது. சுரேந்தர் குறுக்கே கையை விட்டான், பந்து அவன் விரலில் பட்டு உள்ளூர் பெஞ்சின் முன்னால் கோட்டைத் தாண்டி உருண்டது. விசில். பதினொரு விநாடி மிச்சம். பந்து உக்கடத்துக்கு.

வின்ஸ்டன் பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். கோட்டுக்கு வெளியே உக்கடத்து ஏழாம் நம்பர் கிழிந்த உதட்டோடு கையை நீட்டி நின்றான். விலா கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது. மூச்சு வந்தது.

மேசையைப் பார்த்தார். ஸ்கோர் எழுதுகிற லோகப்பிரியா பேனாவைத் தாளில் வைக்காமல் தூக்கிப் பிடித்திருந்தாள். உடற்கல்விக் கல்லூரியை முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். அவளைச் சுற்றி மூன்று பேர் மேசைமேல் கையூன்றி நின்றார்கள். அவள் அவரையே பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தார். கதிர்வேல் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தான். களத்தைப் பார்த்தார். எல்லோருடைய பனியனும் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஒரே ஒரு பனியன் மட்டும் பெட்டியிலிருந்து எடுத்த மடிப்போடு இருந்தது.

ரவிதேஜா.

எறிந்திருக்க வேண்டியவன் அவன்.

பந்து இன்னும் கக்கத்தில்தான் இருந்தது. உக்கடத்துப் பயிற்சியாளருக்குத் தெரியவில்லை, அவர் பையன்களை நோக்கிக் கைதட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கும் தெரியவில்லை. இன்னொரு நடுவர் தூரத்தில் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையை நீட்டிப் பந்தை விட்டுவிட்டால் போதும். அப்புறம் திருத்த முடியாது என்று விதியே சொல்லிவிடும். ஒருத்தரும் கேட்கப் போவதில்லை. இருபத்தேழு பல்லோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

சுரேந்தர் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் சொன்னான்.

"குடுத்துப்போடுங்க சார்."

அவனுக்குத் தெரிந்திருந்தது.

மேசையில் மயில்சாமி கடிகாரத்தின் பித்தானில் விரலை வைத்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கண் கூட்டத்தைப் பார்த்தது. மற்றக் கண் பந்தைப் பார்த்தது.

வின்ஸ்டன் விசிலை ஊதினார்.

மேசைக்கு நடந்தார். இரண்டு பயிற்சியாளர்களையும் கூப்பிட்டார். "அந்த ரெண்டு ஃப்ரீ த்ரோவும் ரவிதேஜா எறிஞ்சிருக்கோணும். சுரேந்தர் எறிஞ்சுபோட்டான். பந்தை அவங்கிட்டக் குடுத்தது நான், தப்பு என்னுது. ரெண்டும் செல்லாது. அறுபத்தொண்ணு, அறுபத்திரெண்டு. ஓடுன நேரம் ஓடுனதுதான், பதினோரு செகண்டு. உக்கடம் பந்து." சொல்லிவிட்டுக் கூட்டம் முழுக்கப் பார்க்கிற மாதிரி இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக வீசினார். லோகப்பிரியா தாளில் இரண்டு புள்ளிகளை அடித்தாள். கோடு பக்கத்துக் கட்டத்துக்கும் ஓடியது.

ஒரு நொடி சத்தமே இல்லை. தறியில் கரண்ட் போனது போல.

பாலுசாமி வந்தார். குரல் உயரவில்லை.

"ஏனுங்க சார், தப்புப் பண்ணது ஆருங்க?"

"நாந்தாங்க."

"உங்க தப்புக்கு எம்பட பசங்க பாயிண்டை எதுக்குங்க புடுங்கறீங்க?"

நியாயமான கேள்வி. வின்ஸ்டனுக்கு அது உறைத்தது.

"அதுக்கு எங்கிட்டப் பதில் இல்லீங்க. விதி அப்படித்தான் இருக்குது."

"விதி அப்படிங்களா," என்றார் பாலுசாமி.

முதல் கல் மேசையில் விழுந்து தண்ணீர்க் குடத்தை உடைத்தது. இரண்டாவது கல் உக்கடத்துப் பயிற்சியாளரின் தோளில். நாற்காலிகள் காற்றில் வந்தன. இன்னொரு நடுவர் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நடந்தவர் திரும்பி வரவில்லை. மயில்சாமி இருந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"பதினோரு செகண்டு இருக்குதுங்க. ஒரு பாயிண்டுதான் பாக்கி. அடிதடியில போச்சுன்னு சொல்றதா, ஆடி ஜெயிச்சதுன்னு சொல்றதா, நீங்களே பாத்துக்கங்க."

பாலுசாமி யோசித்தார். கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "சித்தெ சும்மா இருங்கப்பா. பதினோரு செகண்டு நெம்ப நேரம். ஆடுங்கடா."

வின்ஸ்டன் பந்தை ஏழாம் நம்பரிடம் கொடுத்தார். அவன் உள்ளே எறிந்தான். பந்து இரண்டு கை மாறியது, மூன்றாவது கைக்குப் போகும் வழியில் சுரேந்தர் பாய்ந்து பறித்தான். ஐந்நூறு தொண்டையும் ஒன்றாகத் திறந்தன. ஐந்து, நாலு. அரைக்களத்தைத் தாண்டினான். மூன்று. ஆள் இல்லாத ரிங். வலப்பக்கத்திலிருந்து எழும்பி மெதுவாகக் கையை விட்டான். பந்து பலகையில் பட்டு, வளையத்தின் விளிம்பில் ஏறி, ஒரு சுற்று சுற்றியது. அப்புறம் இன்னும் அரைச் சுற்று.

வெளியே விழுந்தது. மயில்சாமியின் மேசையிலிருந்து ஹாரன் அடித்தது.

உக்கடத்துப் பையன்கள் கொண்டாடவில்லை, வேனை நோக்கி ஓடினார்கள். வின்ஸ்டன் ஓடவில்லை. ஸ்கோர் ஷீட்டில் முதல் நடுவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு. அதற்காக மேசைப் பக்கம் திரும்பினார். விசில் கயிற்றை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். கயிறு தொண்டையில் இறங்கியது. முழங்கால் மடங்கியதும் அடிகள் விழுந்தன. முகத்தில் குதிகால், மூக்குக்கண்ணாடி எங்கோ பறந்தது. காதில் ஏதோ மரம். வாயில் உப்பும் சிமெண்டுத் தூளும். அடித்தவர்களில் ஒருவன், "சார், கண்ணாடியைக் கழட்டிப்போடுங்க சார்," என்று சொல்லிவிட்டு அடித்தான். கழற்றுவதற்குக் கண்ணாடி மூக்கில் இல்லை.

காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விளையாட்டுச் சாமான் அறைக்குள் போட்டார்கள். தடையோட்டக் கட்டைகள், கிழிந்த வலைகள், மூலையில் குண்டு எறியும் இரும்புக் குண்டுகள். பழைய மேசை ஒன்றின் பின்னால் பாலுசாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் சுரேந்தர், கண்ணெல்லாம் சிவந்து. வாசலில் லோகப்பிரியாவை ஒருவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அந்தப் புள்ளையத் தொடாதடா," என்றார் பாலுசாமி. "வா அம்மணி, பயந்துக்காத. அந்தப் பேப்பரை இப்புடி மேசைமேல வை கண்ணு."

தாளை வைத்தாள். பாலுசாமி வின்ஸ்டனைத் தூக்கி உட்காரவைக்கச் சொன்னார்.

"சார், உங்களை அடிக்கறதுக்கு நாங்க வரலீங்க. பசங்க கோவத்துல கை வெச்சுப்போட்டாங்க, மன்னிச்சுக்கங்க. நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் இதுல எதை வேணாலும் மாத்தலாமாமா. போட்டுட்டா அப்பறம் ஆராலயும் முடியாதாமா. நானும் ரூல் படிச்சிருக்கறனுங்க. அந்த ரெண்டு பாயிண்டைத் திருப்பி எழுதிப்போட்டுக் கையெழுத்துப் போடுங்க. நம்ம வண்டியிலயே ஆஸ்பத்திரிக்கு."

வின்ஸ்டன் வாயிலிருந்ததைத் துப்பினார். சிவப்பு. அதில் ஒரு பல்லும் இருந்தது.

"இருக்கறதுலதாங்க கையெழுத்துப் போடுவேன்."

"அந்தப் பசங்க உங்களுக்குச் சொந்தமா, ஒறம்பரையாங்க?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னத்துக்குங்க?"

வால்பாறை பஸ்ஸைப் பற்றி இவரிடம் எப்படிச் சொல்வது என்று வின்ஸ்டனுக்குத் தெரியவில்லை. "பந்து என் கையில இருக்கறப்பவே பாத்துப்போட்டேங்க," என்றார். "பாத்ததைப் பாக்கலைன்னு எந்தக் கையில எழுதறதுங்க?"

"எந்தக் கையா?" சுரேந்தர் சுவரை விட்டு வந்தான். வின்ஸ்டனின் வலது கையைப் பிடித்து மேசையில் அறைந்து வைத்தான். "எந்தக் கைன்னு கேக்கறீங்களா?"

குனிந்து, மூலையிலிருந்த குண்டை எடுத்தான்.

பாலுசாமி, "டேய்," என்றார். அதற்குள் இறங்கிவிட்டது.

இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. வின்ஸ்டனுக்கு வலி உடனே வரவில்லை. சத்தம்தான் முதலில் வந்தது. லேத்தில் டூல் முறியும்போது வருகிற சத்தம், அத்தனை பழக்கமானது. நகங்களுக்கடியிலிருந்து ரத்தம் தாளின் ஓரம்வரை ஓடியது. லோகப்பிரியா தாளைச் சட்டென்று இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அப்புறம் வலி வந்தது. அவர் கத்தியது பள்ளிச் சுவருக்கு வெளியே கேட்டிருக்கும்.

பாலுசாமி எழுந்து மகனை அறைந்தார். ஒரே அறை, அவன் வலைக்குவியலில் போய் விழுந்தான்.

"மடையா. இனி எந்தக் கையில போடுவாரு அவரு?"

கையெழுத்து வாங்கக் கூட்டிக்கொண்டு வந்த ஆளின் கையெழுத்துப் போடுகிற கையை உடைத்துவிட்டு, அறை முழுக்க ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன், "பெருவெரல் நல்லாத்தான் இருக்குதுங்க. ரேகை வாங்கிக்கலாமுங்களா?" என்றான். பாலுசாமி அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாசல் பக்கம் நகர்ந்தான்.

வெளியே கதவு தட்டும் சத்தம். மயில்சாமியின் குரல். "போலீஸ் வந்தாச்சுங்க. தெறங்க." பிறகு கதவில் லத்தியால் இடிக்கிற சத்தம்.

"அம்மணி," என்றார் வின்ஸ்டன். "பேனா."

லோகப்பிரியா தாளை அவர் மடிமேல் அட்டையோடு வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பேனாவை அவருடைய இடது கையில் திணித்தாள். அந்தக் கை அதுவரை ஒரு எழுத்தும் எழுதியதில்லை, பந்தைத்தான் சுமந்திருக்கிறது. 'வி' போட்டார். மேல்விலங்கு எழும்பாமல் பக்கவாட்டில் ஓடியது. அடுத்த எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்போது தாள் கிழிந்தது. 61, 62-க்குக் கீழே அது கையெழுத்து மாதிரியே இல்லை.

பாலுசாமி குனிந்து தாளை வாங்கினார். கிழிக்கப் போகிறார் என்று லோகப்பிரியா நினைத்தாள். அவர் தூரத்தில் பிடித்துப் படித்தார். கதவு இரண்டாவது தடவை இடிபட்டது. தாளின் ஓரத்திலிருந்த ரத்தத்தை வேட்டித் தலைப்பால் ஒற்றியெடுத்துவிட்டு, திரும்ப அவளிடமே கொடுத்தார்.

"கதவைத் தெறந்துவுடு," என்றார்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு விரலிலும் கம்பி வைத்தார்கள். ஃபெமினா சேதி கேட்டதும் நேராக வந்தாள். மூக்கு, காது, விலா, கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பழுதைப் பொறுக்கி எறியும் கண் எதில் நிற்பதென்று தெரியாமல் நின்றது.

"இருவத்தாறு," என்றாள்.

மயில்சாமி இரண்டு நாள் கழித்து வந்தார். ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்தார். சுரேந்தர் மேல் வழக்குப் பதிவானதையும், உக்கடம் அணி மண்டலப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டதையும் சொன்னார். எழுந்து போகும்போது வின்ஸ்டனின் கட்டுப்போட்ட கையைத் தொடாமல், அதன் பக்கத்தில் போர்வையைத் தட்டிச் சரிசெய்தார்.

"இந்தத் தடவை ஜன்னல் சீட்டுல நீயே உக்காந்துட்ட," என்றார்.

இரண்டு விரல்களும் நேராகவே இல்லை. நடுவிலிருந்து கொக்கியாக வளைந்து நின்றுவிட்டன. பட்டறையில் நாலு மாதம் கழித்து இடது கையால் மைக்ரோமீட்டர் பிடிக்கப் பழகினார். நுண்வேலை கொடுப்பதில்லை, பெரிய தண்டுகளை முரட்டுச் சீவல் சீவுவதோடு சரி.

ஆறாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பல் சட்டையை எடுத்து மாட்டினார். ஃபெமினா தடுக்கவில்லை. பித்தான் போட அவர் விரல் மடங்காததைப் பார்த்து, வந்து போட்டுவிட்டாள்.

சோமனூர் பக்கத்தில் ஆட்டம். ஓர் அணியில் ரவிதேஜா இருந்தான். இப்போது முதல் ஐவரில் ஆடுகிறான், ஊர் மாறிவிட்டான். மூன்றாம் பகுதியில் அவனை ஒருவன் ரிங்குக்கடியில் சாய்த்தான். வின்ஸ்டன் ஊதி, வலது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். கொக்கிகள் ஆகாயத்தில் நின்றன.

கயிற்றுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏனுங் சார், அது ரெண்டுங்களா, ஒண்ணரைங்களா?"

கூட்டம் சிரித்தது. வின்ஸ்டன் கையை இறக்கி, இடது கையைத் தூக்கினார். நேரான இரண்டு விரல். "ரெண்டு," என்றார்.

ரவிதேஜா கோட்டில் வந்து நின்றான். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை, விரல்களைத்தான் பார்த்தான். வின்ஸ்டன் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தார். பெஞ்சுகளைப் பார்த்தார். விலாவில் இன்னும் ஓர் இடம் குத்தியது. அது விடும்வரை காத்திருந்து, மூச்சை முழுக்க இழுத்து, முழுக்க விட்டார்.

பந்தைக் கொடுத்தார்.